பாதம் தெரியாத பரதம்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் என்னை எல்லோரும் 'கேபிள்காரர்' என்றுதான் சொல்வார்கள். அதற்கு முன்னால் நான் ஆபரேட்டர். எழுபதுகளின் கடைசியில், கவரப்பேட்டைப் பக்கம் கீற்றுக் கூரையும் மணல் தரையுமாக இருந்த ஒரு டூரிங் டாக்கீஸில் புரொஜெக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டேன். டாக்கீஸ்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கீற்றைப் பிரித்து விற்ற காலத்தில், கடன் வாங்கி மொட்டைமாடியில் டிஷ் நிறுத்தினேன். திரையில் ஓட்டிய அதே படங்களை வயர் வழியாக வீடுகளுக்கு அனுப்பும் வேலை. இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும். பழைய தமிழ்ப் படங்களுக்கு இன்றைக்கு மிச்சமிருக்கும் பெரிய கொட்டகை தொலைக்காட்சிதான். அந்தக் கொட்டகையில் ஆபரேட்டர் இல்லை.

ஆபரேட்டர் என்றால் என்ன செய்வான் என்பது இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. சென்னையிலிருந்து படப்பெட்டி வந்து இறங்கியதும் நாங்கள் செய்கிற முதல் வேலை, ஒவ்வொரு ரீலையும் கையால் சுற்றி, ஓரத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பது. பல் துளை எங்கே கிழிந்திருக்கிறது, ஒட்டு எங்கே விலகியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிடம் ஓடும். எங்களிடம் இருந்தது ஒரே மிஷின். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்கும் சோடாவும் விற்பார்கள். ஊருக்குள் இருந்த பெரிய தியேட்டர்களில் இரண்டு மிஷின். ரீல் முடியப்போகிறது என்பதற்கு அடையாளமாக, திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அதைக் கண்டதும் அடுத்த மிஷின் மோட்டாரை ஓடவிட வேண்டும். இரண்டாவது புள்ளியில் மாற்ற வேண்டும்.

பிரேம் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் திரையில் தலை கீழேயும் கால் மேலேயும் தெரியும். அடுத்த நொடியே மணல் தரையிலிருந்து விசில் பறக்கும். "ஆபரேட்டர்!" என்று கத்துவார்கள். கார்பன் குச்சி தேய்ந்து வெளிச்சம் மங்கினாலும் கத்துவார்கள். ஒரு பாட்டு குறைந்தால் டிக்கெட் கவுண்டருக்கே வந்துவிடுவார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒரு காட்சிக்குக்கூட டைட்டிலை விட்டு ஓட்டியதில்லை. "கேமராமேன் பேரு, செட்டு போட்டவன் பேரு எல்லாம் அதுலதான்டா இருக்கு. அதைப் பார்க்கணும்னு ஒருத்தன் முன்னாடியே வந்து உக்காந்திருப்பான்" என்பார். படத்தை வந்தபடி காட்டுவது எங்கள் வேலை. கூட்டுவதும் குறைப்பதும் எங்கள் வேலையில்லை.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. எங்கள் ஊர் சென்னையிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் இருந்தாலும், வீட்டு மேல் உயரமான ஆன்டெனா வைத்து பூஸ்டர் போட்டால்தான் படம் தெளியும். ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்துக்கு, டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் தெருவே உட்கார்ந்திருக்கும். எங்கள் டாக்கீஸ் வசூல் அன்றைக்கு விழுந்துவிடும். அந்த வருத்தம் எனக்கு இருந்தது. ஆனால் அந்தக் காலத்து டிவிப் பெட்டிக்கும் பழைய படத்துக்கும் ஒரு நல்ல பொருத்தம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் எடுத்த படங்களின் சட்டம் ஏறக்குறைய நான்குக்கு மூன்று. அன்றைய டிவித் திரையும் நான்குக்கு மூன்று. ஓரம் மழுங்கினாலும் படம் அதன் உருவத்தில் வந்தது.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. அதற்குப் பிறகு ராஜ், விஜய், ஜெயா என்று வரிசையாக வந்தன. 2001-ல் இருபத்து நான்கு மணி நேரமும் படம் காட்டும் கே டிவி வந்தது. எங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்கு ஆலைகளும் மற்ற கம்பெனிகளும் பெருகியிருந்த காலம் அது. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் காலையில் தூங்கி, மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்காருவார்கள். மத்தியானப் படம் பெரும்பாலும் பழைய படம். என் சந்தாதாரர்களில் பழைய படத்துக்கென்றே கனெக்‌ஷன் வாங்கியவர்கள் நிறைய. ஒரு மத்தியானம் லைன் போனால், வசூலுக்குப் போகும்போது வாசலில் நிற்கவைத்துக் கேட்பார்கள்.

படத்தை வெட்டுவதும் அந்த நாட்களில்தான் தொடங்கியது. கணக்கு எளிது. விதிப்படி ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் விளம்பரம் போடலாம். மிச்சம் நாற்பத்தெட்டு நிமிடம் படம். மூன்று மணி நேரப் படத்தை முழுதாகக் காட்ட மூன்றே முக்கால் மணி நேரம் வேண்டும். சேனல் ஒதுக்குவது மூன்று மணி நேரம். அப்படியானால் முப்பத்தாறு நிமிடப் படம் எங்கேயோ போக வேண்டும். முதலில் டைட்டில் போகும். அடுத்து நகைச்சுவைப் பகுதி. கதைக்கு ஒட்டாது என்று யாரோ முடிவுசெய்து என்.எஸ்.கிருஷ்ணனையும் டி.ஏ.மதுரத்தையும் வெட்டிவிடுவார்கள். பிறகு பாட்டின் இரண்டாவது சரணம். கடைசியில் முடிவுக் காட்சி. வில்லன் விழுந்ததும் விளம்பரம். திரும்பி வந்தால் அடுத்த படத்தின் அறிவிப்பு.

'அந்த நாள்' படத்துக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. 1954-ல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பாலசந்தர் இயக்கியது. பாட்டே கிடையாது. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட காலத்துக் கதை. படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். யார் சுட்டது என்பதுதான் மீதிப் படம். ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு விதமாக அந்தச் சாவு திரும்பத் திரும்ப வரும். ஒரு சேனல் டைட்டிலோடு சேர்த்து அந்தத் தொடக்கத்தையும் வெட்டிவிட்டு ஒளிபரப்பியது. எங்கள் தெருவில் ஒரு ஆலைத் தொழிலாளி, படிப்பாளி, மறுநாள் என்னிடம் கேட்டார்: "அண்ணே, அந்தப் படத்தைப் பத்தி அவ்வளவு பெருமையா சொல்றாங்க. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. போலீஸ் எதுக்கு எல்லாரையும் விசாரிக்குது?" அவர்மேல் தப்பில்லை. மொத்தமே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுகிற படம் அது. அதில் வெட்டுவதற்கு ஒரு அடிகூட இல்லை. அவர் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்கப்போவதில்லை. அவருக்கு அது 'புரியாத படம்' என்றே நின்றுவிட்டது.

இன்னொரு பக்கம், முழுதாக வந்தாலும் சந்தேகப்படுகிற நிலைமை. எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய 'நாடோடி மன்னன்' 1958-ல் வந்தது. முன்பகுதி கறுப்பு வெள்ளை, பின்பகுதி வண்ணம், எடுத்ததே அப்படித்தான். அது ஓடும் நாளில் எனக்கு போன் வரும். "இன்னாப்பா, இவ்ளோ நேரம் கலர் இல்லாம அனுப்பிட்டு இப்ப கலர் விடற?" என்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். நான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கே.பாலசந்தர் படமோ ஏ.பி.நாகராஜன் படமோ போடும்போது இரண்டு வரி முன்குறிப்பு, எந்த ஆண்டு, யார் இயக்கம், எத்தனை நேரம் ஓடும் என்று காட்டினால் சேனலுக்கு என்ன செலவு? இன்றுவரை அதைச் செய்கிற சேனலை நான் பார்க்கவில்லை.

சினிமாஸ்கோப் படங்களின் கதை வேறு. தமிழில் முதல் சினிமாஸ்கோப் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. ஸ்கோப் பிலிமில் உருவங்கள் பக்கவாட்டில் பாதியாக நெருக்கப்பட்டிருக்கும். புரொஜெக்டரில் அதற்கென்று உள்ள லென்ஸைப் போட்டால்தான் விரியும். பழைய டிவித் திரைக்கு அந்த அகலத்தை அடக்க வழியில்லை. நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் படத்தின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். இருவர் பேசும் காட்சியில் நடுவில் இருக்கும் தூண் மட்டும் தெரியும். பேசுகிற இரண்டு பேரும் தெரியமாட்டார்கள். டைட்டில் எழுத்து வெட்டுப்படாமல் இருக்க, டைட்டில் வரை மட்டும் நெருக்கிய படத்தை அப்படியே விட்டிருப்பார்கள். யானையெல்லாம் ஒட்டகம்போல் ஒல்லியாக நிற்கும். டைட்டில் முடிந்ததும் சட்டென்று எல்லாம் பெருத்து, ஓரங்கள் போய்விடும்.

சேனலுக்குப் படம் எந்த வடிவில் போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். சென்னையில் ஒரு லேபில், பிலிமை டேப்புக்கு மாற்றும் டெலிசினி பிரிவில் இருந்த நண்பர் சொன்னார். நெகட்டிவ் கிடைத்தால் நல்லது, பெரும்பாலும் கிடைக்காது. ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரின்ட் ஒன்று எங்கோ கிடைக்கும். அதை டேப்புக்கு மாற்றுவார்கள். அந்த டேப்பிலிருந்து இன்னொரு டேப். பிறகு அதையே கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்றைக்கு எச்.டி. சேனலிலும் அதைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். பெட்டி பெரிதாகப் பெரிதாகப் பழைய படம் கலங்கலாகத் தெரிவது இதனால்தான். கேமராமேன் எடுத்த படம் அவ்வளவு மோசமில்லை. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் பிரின்ட் ஒன்றைப் புதிதாகத் திரையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பட்டுச் சேலையின் ஜரிகை தனியாக மின்னும்.

சுருதி விஷயத்தை எனக்குச் சொன்னவர் பெரியபாளையம் பக்கத்து நாதஸ்வரக்காரர் ஒருவர். 'தில்லானா மோகனாம்பாள்' எப்போது போட்டாலும் பார்ப்பார். 1968-ல் ஏ.பி.நாகராஜன் எடுத்தது. கே.வி.மகாதேவன் இசை. திரையில் சிவாஜி வாசிக்க, உண்மையில் வாசித்தவர்கள் எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஒரு நாள் என் கண்ட்ரோல் ரூமுக்கே வந்து, "தம்பி, நீங்க அனுப்பற படத்துல சுருதி ஏறியிருக்கு. என் ரெக்கார்டோட சேரமாட்டேங்குது. வேகமாவும் போவுது" என்றார். அவர் காது சரி. சினிமா நொடிக்கு 24 பிரேம் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி 25. பிலிமை டிவிக்கு மாற்றும்போது எளிய வழியாக ஒரு பிரேம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாக முடியும். சத்தத்தைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால், சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலேறும். பழைய பாட்டுகளில் டி.எம்.எஸ். குரலும் சுசீலா குரலும் கொஞ்சம் மெலிந்து கேட்பது அதனால்தான். சரிசெய்யக் கருவி இருக்கிறது. செய்யச் சொல்கிற ஆள் இல்லை. இது என் மிஷினில் ஏற்பட்ட கோளாறு இல்லை என்று அவருக்குப் புரியவைத்தேன். "அப்போ யாருகிட்ட சொல்றது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

தட்டையான அகலத்திரை டிவிகள் வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாத கோபம். இந்தப் பெட்டி பதினாறுக்கு ஒன்பது. நான்குக்கு மூன்று படத்தை இதில் ஒழுங்காகக் காட்ட வேண்டுமானால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட வேண்டும். அது சேனல்களுக்குப் பிடிப்பதில்லை. 'பாதித் திரை காலியாக இருக்கிறது' என்று பார்ப்பவர்கள் நினைப்பார்களாம். அதனால் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். ஒன்று, பக்கவாட்டில் இழுப்பது. மனிதர்கள் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள். இல்லையென்றால் மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்குவது. படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடும்.

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் ஒரு பெரியவர் இருந்தார். எம்.ஜி.ஆர். படம் என்றால் உயிர். புது டிவி வாங்கிக்கொடுத்த மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, எம்.ஜி.ஆரை நான் யாழ்ப்பாணத்தில ராணி தியேட்டரில பார்த்தனான். அவர் இப்பிடிக் குண்டா இருக்கேல்லை. இந்தப் பெட்டி என்ன செய்துபோட்டுது?" ரிமோட்டை வாங்கி, படத்தின் அளவை மாற்றும் பொத்தானை அழுத்தி 4:3 வைத்துக்கொடுத்தேன். எம்.ஜி.ஆர். பழைய உருவத்துக்கு வந்தார். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த வரிசையில் வீடு வீடாகக் கூப்பிட்டார்கள், போய் மாற்றிவைத்தேன்.

இழுத்த படத்தை இப்படி மீட்கலாம். வெட்டிய படத்தை எந்தப் பொத்தானாலும் மீட்க முடியாது. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' 1958-ல் ஜெமினியில் எஸ்.எஸ்.வாசன் எடுத்தது. பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்துக்காகவே நாங்கள் அந்தப் பெட்டியைத் திரும்பத் திரும்ப வரவழைத்து ஓட்டியிருக்கிறோம். பி.லீலாவும் ஜிக்கியும் பாடியிருப்பார்கள். அந்த நடனத்தில் கேமரா பின்னால் விலகி நின்று முழு உருவத்தைக் காட்டும். ஆட்டக்காரிகளின் பாதம் வேண்டும் என்று தெரிந்து வைத்த கேமரா அது. ஒரு சேனலில் அதை மேலும் கீழும் வெட்டிக் காட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே இல்லை. சலங்கைச் சத்தம் கேட்கிறது, சலங்கை தெரியவில்லை. போதாததற்குத் திரையின் கீழே எண்ணெய் விளம்பரம் ஒன்று ஓடியது. என் பேத்தி பரதம் கற்றுக்கொள்கிறாள். அவளுக்குக் காட்ட வேண்டும் என்று கூப்பிட்டு உட்காரவைத்திருந்தேன். "கால் எங்க தாத்தா?" என்றாள். போட்டியே கால்களுக்குள் நடப்பது. டிவியை அணைத்துவிட்டேன்.

படம் ஓடும்போது திரையின் கீழே எழுத்து ஓடவிடுவதும், படத்தைச் சுருக்கி ஓரத்தில் விளம்பரம் வைப்பதும் சாதாரணமாகிவிட்டது. ஆனால் இது சட்டப்படி கூடாது. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 7-வது விதி விளம்பரங்களைப் பற்றியது. விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தனியாகத் தெரிய வேண்டும், திரையின் கீழ்ப்பகுதியில் எழுத்தாகவோ ஓடும் வரியாகவோ வந்து நிகழ்ச்சிக்கு இடையூறு செய்யக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் என்ற வரம்பும் அதில்தான். அந்தப் பன்னிரண்டில் சேனலின் சொந்த அறிவிப்புகளுக்கான இரண்டு நிமிடமும் சேர்த்தி. நான் கேபிள் உரிமம் வைத்திருப்பவன். இந்த விதிகளைப் படிக்க வேண்டிய தொழில். பார்வையாளர்களில் இவற்றைப் படித்தவர் யாரையும் நான் சந்திக்கவில்லை.

சேனல்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டிருக்கிறேன். பழைய படத்துக்கு விளம்பர வருமானம் குறைவு. செலவழித்துப் புதிதாக ஸ்கேன் செய்தால் கட்டுப்படியாகாது என்பார்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் சட்டத்தில் சினிமாப் படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள். 1964 வரை வந்த படங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம். இதனால் நல்லதும் உண்டு: காசில்லாத சின்னச் சேனலும் பழைய படம் போட முடிகிறது. கெட்டது, அந்தப் படத்தை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போவது. கையில் கிடைத்த கோப்பைப் போட்டுவிடுகிறார்கள்.

வருமானம் வராது என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். 2012 மார்ச்சில் 'கர்ணன்' படத்தைத் துலக்கி, ஒலியைச் சரிசெய்து தியேட்டர்களில் வெளியிட்டார்கள். பி.ஆர்.பந்துலு 1964-ல் எடுத்த படம். டிவியில் எத்தனையோ முறை வந்த படம்தான். ஆனாலும் தியேட்டர்களில் கூட்டம் நின்றது. நானும் சென்னைக்கு ரயில் ஏறிப் போய்ப் பார்த்தேன். எனக்கு முன்வரிசையில் கல்லூரிப் பையன்கள். பழைய படத்தைத் துலக்கிக் காட்டினால் ஜனம் வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

தொலைந்ததை நினைத்தால் இருப்பதன் அருமை தெரியும். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தை இன்று யாரும் பார்க்க முடியாது, பிரதி இல்லை. ஐம்பதுகளின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். 2003 ஜனவரியில் புனேயில் பிலிம் ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் கிடங்கு எரிந்தபோது மிகப் பழைய படங்கள் பல போயின. கறுப்பு வெள்ளைப் பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக உருக்கப்பட்ட பிரின்ட்களுக்குக் கணக்கே கிடையாது. இத்தனைக்கும் தப்பி நம் காலம் வரை வந்த படத்தை, ஒரு எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து நேரத்துக்காக வெட்டுவது எனக்குத் தாங்கவில்லை. அந்த வெட்டிய கோப்புதான் அடுத்த சேனலுக்கும் போகிறது. முழுப் பிரதி எங்கே என்று யாரும் தேடாத நாளில், வெட்டிய படமே முழுப் படம் ஆகிவிடும்.

நாதஸ்வரக்காரர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. 2021 ஜூனில் கேபிள் விதிகளைத் திருத்தினார்கள். விளம்பர விதிகளை மீறிய ஒளிபரப்பைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுத்தில் சேனலுக்குப் புகார் அனுப்பலாம். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். பதினைந்து நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் சேனல்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம், அதற்கு மேல் அரசுக்கும் போகலாம். கீழே ஓடும் விளம்பரத்துக்கும் பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டுவதற்கும் இது நேரடியாகப் பொருந்தும். வெட்டுக்கும் உருவச் சிதைவுக்கும் தனி விதி கிடையாது. ஆனால் அதே கடிதத்தில் அதையும் எழுதுங்கள். படத்தின் பெயர், தேதி, நேரம், எந்தக் காட்சியில் என்ன குறைந்தது என்று எழுதுங்கள். சேனல்களிடம் நான் கேட்பது மூன்றுதான்: டைட்டிலைக் காட்டுங்கள், பக்கவாட்டில் கறுப்புப் பட்டை விட்டு முழுச் சட்டத்தையும் காட்டுங்கள், பாட்டின் நடுவில் வெட்டாதீர்கள். டாக்கீஸில் விசில் அடித்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான் இன்று டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். விசில் சேனல் வரை கேட்காது. கடிதம் போய்ச் சேரும், எழுதுங்கள்.